எஞ்சின் கழுவ எது நல்லது? பெற்றோல் வேண்டாம், சவர்க்காரத் தண்ணீர் போதும்

ஒரு காலத்தில் நமது தோட்டங்களில் வாகனம் என்றால் துரையின் ஜீப்பும், கொழுந்து ஏற்றும் லொறியும், டிரக்டரும்தான். இன்று நிலைமை அப்படியில்லை. பல லயங்களின் வாசலில் முச்சக்கர வண்டி நிற்கிறது. நமது பிள்ளைகளே அதை ஓட்டுகிறார்கள். ராத்திரியில் யாருக்காவது வருத்தம் என்றால் அந்த வண்டிதான் ஆஸ்பத்திரிக்குப் போகிறது. கடைக்குச் சாமான் வாங்கவும், டியூசன் வகுப்புக்குப் பிள்ளைகளைக் கொண்டு போகவும் அதுதான் உதவுகிறது. லீசிங் கட்டி வாங்கிய வண்டி என்றால் மாதத் தவணையும் அதிலிருந்துதான் வர வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்பு பல ஆண்டுகள் புது வண்டி வாங்க வழியில்லாமல், இருக்கிற பழைய வண்டியையே பேணிப் பாதுகாக்க வேண்டிய கட்டாயமும் வந்தது.

வண்டியைப் பேணுகிறவர்கள் லீவு நாளில் எஞ்சினைக் கழுவுவார்கள். அது நல்ல பழக்கம்தான். ஆனால் எதை ஊற்றிக் கழுவுகிறோம் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. "பெற்றோல் கொஞ்சம் ஊத்தித் தேய்ச்சா ஒரே நிமிசத்துல பளபளன்னு ஆயிரும்" என்று ஒருவர் சொல்வார். "மண்ணெண்ணெய் போதும்" என்பார் இன்னொருவர். "கோஸ்டிக் சோடா போட்டா எல்லாம் கழண்டு வந்துரும்" என்பார் மூன்றாமவர். மூவர் சொல்வதிலும் அழுக்குப் போகும் என்பது உண்மை. அதோடு வேறு என்னென்ன போகும் என்பதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

எஞ்சினை ஏன் கழுவ வேண்டும்?

எஞ்சினின் மேல் ஒயில் கசிந்து, அதில் ரோட்டுப் புழுதி ஒட்டி, நாளடைவில் தார் பூசியது போலக் கெட்டியாகிவிடும். இதனால் மூன்று கெடுதல்கள் உண்டு.

முதலாவது, சூடு வெளியே போகாது. நமது முச்சக்கர வண்டிகளில் பெரும்பாலானவை காற்றால் குளிர்விக்கப்படும் எஞ்சின் கொண்டவை. எஞ்சினைச் சுற்றித் தட்டுத் தட்டாக இருக்கும் விளிம்புகள் வழியாகத்தான் சூடு காற்றில் கலக்கிறது. அந்த விளிம்புகளுக்கு இடையில் அழுக்கு அடைத்தால், மலை ஏறும்போது எஞ்சின் அளவுக்கு மிஞ்சிச் சூடாகும். நமது பாதையெல்லாம் ஏற்றமும் வளைவும்தானே!

இரண்டாவது, எங்கே கசிகிறது என்று தெரியாது. ஒயில் கசிவோ பெற்றோல் குழாயில் வெடிப்போ இருந்தால், சுத்தமான எஞ்சினில் உடனே கண்ணுக்குத் தெரியும். அழுக்கு மூடிய எஞ்சினில் ஆபத்து வந்த பிறகுதான் தெரியும்.

மூன்றாவது, அந்த அழுக்கே எரியும் பொருள். சூடான புகைக்குழாய்க்குப் பக்கத்தில் கிறீஸும் ஒயிலும் கலந்த அழுக்கு இருப்பது நல்லதல்ல.

ஆகவே கழுவத்தான் வேண்டும். எதனால் கழுவுவது என்பதை இனிப் பார்ப்போம்.

பெற்றோல்: தொடவே கூடாது

பெற்றோல் கிறீஸை நன்றாகக் கரைக்கும். ஆனால் அது எரிபொருள், கழுவும் பொருள் அல்ல. எரியும் ஆவி பெற்றோலில் இருந்து எழுவதற்குச் சூடு தேவையில்லை. பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை செல்சியஸ் அளவு குளிரிலும் அதிலிருந்து தீப்பற்றக்கூடிய ஆவி கிளம்பும். நுவரெலியாவில் தை மாதத்தில் புல்லின் மேல் பனி உறைகின்ற காலையில்கூட, திறந்து வைத்த பெற்றோலிலிருந்து ஆவி எழுந்துகொண்டேதான் இருக்கும். "இங்க குளிரு, ஒண்ணும் ஆகாது" என்ற நினைப்பு தவறு.

அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. ஆகையால் மேலே போய்க் கலையாமல், தண்ணீர் ஓடுவது போலத் தரையோடு தரையாக, பள்ளத்தைப் பார்த்துப் போகும். வண்டியை வாசலில் வைத்துக் கழுவினால், இஸ்தோப்பைத் தாண்டி அடுப்படி வரைக்கும் போகக்கூடும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவு கலந்தாலே அது தீப்பற்றும். பக்கத்தில் ஒரு பீடி, ஒரு சாமி விளக்கு, ஒரு விறகடுப்பு, பெட்டரியில் ஸ்பேனர் பட்டுப் பறக்கும் ஒரு தீப்பொறி போதும். தீ ஆவி வந்த வழியே திரும்பி, தகர டப்பாவைப் பிடித்துக்கொண்டிருக்கிறவரின் கைக்கு வரும்.

லயத்தில் தீ என்றால் அது ஒரு வீட்டோடு நிற்பதில்லை என்பது நமக்குத் தெரியும். ஒரே கூரையின் கீழே வரிசையாகக் காம்பிராக்கள். பழைய மரச் சலாகைகள். பக்கத்து வீட்டில் பிள்ளை தூங்கும். ஒருவரின் அவசரத்துக்கு முழு லயமும் விலை கொடுக்க வேண்டி வரும்.

தீப்பிடிக்காவிட்டாலும் பெற்றோல் உடம்புக்குக் கேடுதான். அதில் பென்சீன் என்ற பொருள் கலந்திருக்கிறது. இரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உறுதியான பொருள் அது. மூச்சோடும் போகும், தோல் வழியாகவும் போகும். வெறும் கையைப் பெற்றோலில் நனைத்துத் தேய்க்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

தின்னரும் இதே வகைதான். சுலபமாகத் தீப்பற்றும், அதன் ஆவி தலையைச் சுற்ற வைக்கும், வண்டியின் பெயின்ட்டையும் உரித்துவிடும்.

மண்ணெண்ணெயும் டீசலும்: "ஆபத்து இல்லை" என்பது தவறு

பெற்றோல் அளவுக்கு மண்ணெண்ணெய் சுலபமாகத் தீப்பற்றாது. ஏறத்தாழ 38 பாகைக்கு மேல் சூடானால்தான் அதிலிருந்து எரியும் ஆவி கிளம்பும். மலைநாட்டுக் காற்று அவ்வளவு சூடாவதில்லை. ஆனால் ஓடி வந்த எஞ்சின் சூடாகத்தானே இருக்கும்! இன்னொரு விசயமும் உண்டு. மிகவும் சூடான இரும்பின் மேல் பட்டால் நெருப்பு எதுவும் இல்லாமலே மண்ணெண்ணெய் தானாகத் தீப்பற்றக்கூடும். வேலை செய்யும் எஞ்சினின் புகைக்குழாய் அந்த அளவு சூட்டுக்குப் போகக்கூடும். ஆகவே "தீக்குச்சி கொளுத்தலையே, எப்படிப் பத்தும்?" என்று கேட்பதில் பயனில்லை.

டீசலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். இரண்டுமே காய்ந்து போகாமல் மெல்லிய எண்ணெய்ப் படலமாக நின்றுவிடும். அதன் மேல் மறுபடியும் புழுதி ஒட்டும். இறப்பர் குழாய்களையும் பெல்ட்டையும் ஊத வைத்து, நாளடைவில் வெடிக்கச் செய்யும். பெற்றோல் குழாயே வெடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கராஜ்களில் கழற்றி எடுத்த பாகங்களை மண்ணெண்ணெய்த் தட்டில் போட்டுப் பிரஷ்ஷால் கழுவுவதை நாம் பார்த்திருக்கிறோம். கழற்றிய பாகம், ஆறிய பாகம், திறந்த வெளி, பக்கத்தில் நெருப்பு இல்லை, கையுறை போட்டிருக்கிறது என்றால் அது வேறு விசயம். வண்டியில் பூட்டியிருக்கும் எஞ்சினின் மேல் மண்ணெண்ணெயை அள்ளித் தெளிப்பது கூடாது.

கோஸ்டிக் சோடாவும் கக்கூஸ் கழுவும் திரவமும்

கோஸ்டிக் சோடா கிறீஸை அறுத்தெடுக்கும். ஆனால் நமது வண்டிகளின் எஞ்சின் உடம்பு பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது. கோஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்னும். தின்னும்போது ஐதரசன் என்ற எரியும் வாயு கிளம்பும். கழுவி முடித்துப் பார்த்தால் எஞ்சின் கறுத்துப் புள்ளி விழுந்திருக்கும். கண்ணில் ஒரு சொட்டுப் பட்டால் பார்வையே போகக்கூடும். தோலில் பட்டால் முதலில் சவர்க்காரம் போல வழுவழுக்கும், வலி பிறகுதான் தெரியும். தெரிகிற நேரத்தில் தோல் வெந்திருக்கும்.

கக்கூஸ் கழுவும் திரவங்களில் பெரும்பாலும் அசிட் இருக்கும். அதுவும் உலோகத்தை அரிக்கும். இதையும் துணி வெளுக்கும் திரவத்தையும் கலந்தால் குளோரின் என்ற நச்சு வாயு வரும். எதையும் எதனோடும் கலக்காதீங்க. "ரெண்டையும் சேர்த்தா இன்னும் நல்லா வேலை செய்யும்" என்பது பெரிய ஆபத்தில் கொண்டுபோய் விடும்.

பிரேக் கழுவும் ஸ்ப்ரே

கடைகளில் டின்னில் அடைத்த பிரேக் கிளீனர் ஸ்ப்ரே கிடைக்கிறது. பீய்ச்சியவுடன் கிறீஸ் கரைந்து ஓடும், உடனே காய்ந்தும் விடும். அதனால் சிலர் எஞ்சின் முழுவதற்கும் அதையே அடிக்கிறார்கள். இதில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை பெற்றோல் போலத் தீப்பற்றும். மற்ற வகையில் குளோரின் சேர்ந்த கரைப்பான்கள் இருக்கும். இரண்டாவது வகை தீப்பற்றாது என்பதால் நல்லது என்று நினைத்துவிட வேண்டாம். சூடான உலோகத்தின் மேலோ நெருப்பிலோ அது பட்டால் போஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகக்கூடும். முதலாம் உலகப் போரில் ஆட்களைக் கொல்லப் பயன்படுத்திய வாயு அது. இந்த வகைக் கரைப்பான்களில் ஒன்றான டிரைகுளோரோ எத்திலீன் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2012இல் முடிவு செய்தது. பிரேக்குக்கு என்று விற்கும் பொருளைப் பிரேக்குக்கு மட்டும், அதுவும் கராஜ் பாஸ் காற்றோட்டமான இடத்தில் வைத்துப் பயன்படுத்தட்டும்.

சவர்க்காரம் எப்படி வேலை செய்கிறது?

கருவாட்டுக் குழம்பு வைத்த சட்டியை வெறும் தண்ணீரில் கழுவிப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு போகாது. கொஞ்சம் சவர்க்காரம் போட்டவுடன் போய்விடும். காரணம் என்ன? சவர்க்காரத்தின் ஒவ்வொரு சிறு துகளுக்கும் இரண்டு முனைகள் உண்டு. ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறு முனை தண்ணீரைப் பிடிக்கும். இரண்டுக்கும் நடுவில் நின்று எண்ணெயைத் துளித் துளியாகப் பிரித்துத் தண்ணீரோடு அனுப்பிவிடும். இதற்கு நெருப்புப் பிடிக்கும் திரவம் தேவையில்லை. கொஞ்சம் நேரமும், கொஞ்சம் தேய்ப்பும்தான் தேவை.

எஞ்சின் அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்குதான். சாதாரண அழுக்குக்கு இந்தக் கலவை போதும்:

வெதுவெதுப்பான தண்ணீர் 1 லீற்றர். பாத்திரம் கழுவும் திரவ சவர்க்காரம் 2 மேசைக்கரண்டி.

கெட்டிப் பிடித்த இடத்துக்கு அதே சவர்க்காரத்தைத் தண்ணீர் சேர்க்காமல் பிரஷ்ஷில் தொட்டுப் பூசி, 10 நிமிடம் ஊறவிட்டுத் தேய்க்கலாம். உடுப்புக் கழுவும் தூளைவிடப் பாத்திரம் கழுவும் திரவம் நல்லது. தூளில் காரம் கூடுதல். சரியாக அலசாவிட்டால் வெள்ளையாகப் படிந்து நிற்கும்.

செலவும் குறைவு. இரண்டு கரண்டி சவர்க்காரத்தின் விலை ஒரு லீற்றர் பெற்றோலின் விலைக்குக் கிட்டவும் வராது.

கடையில் வாங்குவதென்றால் என்ன பார்க்க வேண்டும்?

பல ஆண்டு அழுக்கு என்றால் சவர்க்காரம் மட்டும் போதாமல் போகலாம். அப்போது எஞ்சின் டிகிறீசர் என்று விற்பதை வாங்கலாம். எல்லா டிகிறீசரும் ஒன்றல்ல. வாங்கும் முன் போத்தலைத் திருப்பிப் பாருங்கள். லேபலில் தமிழ் இல்லாவிட்டால், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்க முடியாவிட்டாலும் சிவப்புக் கரை போட்ட சதுரப் படங்களைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

நெருப்புப் படம் இருந்தால் அது தீப்பற்றும் பொருள். வாங்க வேண்டாம்.

கையின் மேலும் உலோகத்தின் மேலும் திரவம் சொட்டி அரிக்கிற படம் இருந்தால் அது தோலையும் உலோகத்தையும் தின்னும் பொருள். வேண்டாம்.

மண்டையோட்டுப் படம் இருந்தால் அது கடும் நஞ்சு. வேண்டாம்.

மனித நெஞ்சில் வெள்ளை வெடிப்புப் போன்ற படம் இருந்தால் நீண்ட காலத்தில் உடலுக்குப் பெரிய கேடு செய்யக்கூடியது. வேண்டாம்.

ஆச்சரியக்குறி மட்டும் இருந்தால் தோல், கண் எரிச்சல் வரலாம் என்று அர்த்தம். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு பயன்படுத்தலாம்.

எழுத்துகளில் "வோட்டர் பேஸ்ட்" என்றிருந்தால் தண்ணீரை அடிப்படையாகக் கொண்டது. அதைத் தெரிவு செய்யுங்கள். "சேஃப் ஒன் அலுமினியம்" என்றிருந்தால் இன்னும் நல்லது. "பெற்றோலியம் சோல்வென்ட்" என்றிருந்தால் அது மண்ணெண்ணெயின் உறவுக்காரன்தான்.

இங்கே ஒரு சொல்லில் பலர் ஏமாறுகிறார்கள். ஆங்கிலத்தில் "பிளேமபிள்" என்றாலும் தீப்பற்றும், "இன்பிளேமபிள்" என்றாலும் தீப்பற்றும். முன்னால் "இன்" இருப்பதால் தீப்பற்றாது என்று எண்ணிவிடாதீர்கள். "நொன் பிளேமபிள்" என்றிருந்தால் மட்டுமே தீப்பற்றாதது.

பொருள்களின் பட்டியலில் "சோடியம் ஐதரொக்சைட்" என்றிருந்தால் அதுதான் கோஸ்டிக் சோடா. "பியூட்டொக்சி எத்தனோல்" என்றிருந்தால் தோல் வழியாக உடலுக்குள் போகக்கூடியது, கையுறை இல்லாமல் தொடக்கூடாது. "பி.எச்." என்ற அளவு போட்டிருந்தால், 7 என்பது நடுநிலை. 13, 14 என்பது கோஸ்டிக் சோடாவின் காரம். 10க்கு மேல் போகாததை எடுப்பது அலுமினியத்துக்கும் கைக்கும் நல்லது.

லேபலே இல்லாமல் பிளாஸ்டிக் போத்தலில் ஊற்றித் தருவதை வாங்கவே வேண்டாம். "நல்ல சாமான், எல்லாரும் வாங்குறாங்க" என்பதெல்லாம் லேபலுக்கு ஈடாகாது.

எப்படிக் கழுவுவது?

1. எஞ்சினை நிறுத்திக் குறைந்தது ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். கையை வைத்தால் சுடக்கூடாது. சூடான எஞ்சினில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் உலோகம் வெடிக்கவும் கூடும்.

2. வண்டியைச் சமதளமான, காற்றோட்டமான இடத்தில் நிறுத்துங்கள். அடுப்படி, பிள்ளை மடுவம், பீலி இவற்றுக்குப் பக்கத்தில் வேண்டாம். சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

3. பெட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்கள். திரும்பப் பூட்டும்போது அதைக் கடைசியாகப் பூட்டுங்கள்.

4. பெற்றோல் வாடை வருகிறதா, குழாயில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். கசிந்தால் கழுவும் வேலையை நிறுத்திவிட்டு முதலில் அதைத் திருத்த வேண்டும்.

5. காற்று உள்ளே போகும் வழி, பிளக், கொயில், வயர் இணைப்புகள் எல்லாவற்றையும் பொலித்தீன் பையால் மூடி இறப்பர் நாடாவால் கட்டுங்கள். கார், வேன் என்றால் டைனமோவையும் பியூஸ் பெட்டியையும் கம்பியூட்டர் பெட்டியையும் மூட வேண்டும்.

6. கெட்டி அழுக்கை மரக்குச்சியால் சுரண்டிப் பழைய பத்திரிகைத் தாளில் எடுங்கள். சுரண்டி எடுத்த அளவுக்குத் தண்ணீரில் போகும் எண்ணெய் குறையும்.

7. இறப்பர் கையுறை, கண்ணாடி, நீளக் கை சட்டை போட்டுக்கொள்ளுங்கள். சவர்க்காரக் கலவையைக் கீழிருந்து மேலாகப் பூசுங்கள். 5 முதல் 10 நிமிடம் ஊறட்டும். காயவிடாதீர்கள்.

8. பிரஷ்ஷால் தேயுங்கள். பழைய பல் பிரஷ் இடுக்குகளுக்கு நல்லது. பிரேக் பகுதியிலும் பெல்ட்டிலும் கலவை படக்கூடாது. பட்டால் வழுக்கும். இறக்கத்தில் பிரேக் வழுக்கினால் என்ன ஆகும் என்பதை நமது பாதைகளில் ஓடுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

9. ஈரத் துணியால் துடையுங்கள். அல்லது வாளியிலிருந்து மெதுவாகத் தண்ணீர் விட்டு அலசுங்கள். வேகமான குழாய்த் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம்.

10. உலர்ந்த துணியால் துடைத்து, மூடியவற்றைத் திறந்து, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். காய்ந்த பிறகு பெட்டரியைப் பூட்டி ஸ்டார்ட் செய்யலாம். கிளம்பும் முன் சமதளத்தில் மெதுவாக ஓட்டி, பிரேக்கை இரண்டு மூன்று தடவை பிடித்துப் பாருங்கள்.

முன் ஆசனத்துக்குக் கீழே எஞ்சின் உள்ள வேன்களில் எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்தே வேலை செய்ய வேண்டும். ஆவி உள்ளே தங்கினால் தலைச்சுற்று வரும்.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது?

லயத்துக் கானில் ஊற்றினால் அது ஓடைக்குப் போகும். ஓடை அடுத்த டிவிசனுக்குப் போகும். அங்கே அந்த ஓடையில்தான் குளிப்பார்கள், குடிக்கவும் எடுப்பார்கள். மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை உண்டாகிறது. கொழும்பு மக்கள் குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கு அம்பத்தளையில் அந்தக் கங்கையிலிருந்து எடுக்கப்படுகிறது. நாம் ஆற்றின் தலைமாட்டில் வாழ்கிறோம் என்பதை மறக்கக்கூடாது.

ஆகவே ஓடைக்கரையிலும் பீலிக்கரையிலும் வண்டி கழுவ வேண்டாம். "பயோடிகிரேடபிள்" என்று போத்தலில் போட்டிருந்தாலும், அது மண்ணில் சிதைய நாட்கள் எடுக்கும், அதுவரை மீனுக்குக் கேடுதான். சுரண்டிய கிறீஸையும் கழிவு ஒயிலையும் மூடியுள்ள டப்பாவில் சேர்த்துக் கராஜில் கொடுங்கள். எண்ணெய்த் துணியை அடுப்பு மூட்ட எடுக்காதீர்கள். திறந்த வெளியில் விரித்துக் காயவைத்து அப்புறப்படுத்துங்கள்.

போத்தலும் பிள்ளைகளும்

இது எல்லாவற்றையும்விட முக்கியம். பெற்றோல், மண்ணெண்ணெய், டிகிறீசர் எதையும் சோடாப் போத்தலிலோ தண்ணீர்ப் போத்தலிலோ வைக்காதீர்கள். வேலைக்குப் போய் வருகிறபோது பிள்ளைக்கு இனிப்புச் சோடா வாங்கி வருகிற அதே போத்தல் அது. பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது. சிறு பிள்ளைகள் தவறிக் குடிக்கும் பொருள்களில் மண்ணெண்ணெய் நமது நாட்டில் நெடுங்காலமாக முன்னணியில் இருக்கிறது. வந்த போத்தலிலேயே, மூடியை இறுக்கி, உயரத்தில், பூட்டி வையுங்கள். மருந்தடிக்கும் கேன்களையும் பழைய மருந்து டப்பாக்களையும் கலவை கலக்க எடுக்கக்கூடாது.

பிள்ளை குடித்துவிட்டால்:

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தொண்டையில் விரல் விடவோ உப்புத் தண்ணீர் கொடுக்கவோ வேண்டாம். வெளியே வரும்போது அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். உயிருக்கு ஆபத்து அங்கேதான். பால், தேங்காய்ப்பால் எதுவும் கொடுக்க வேண்டாம். நனைந்த உடுப்பைக் கழற்றித் தோலைக் கழுவுங்கள். போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய இலவச அம்பியுலன்ஸ் வரும். "இப்ப நல்லாத்தான் இருக்கான்" என்று வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம். இருமலும் மூச்சுத் திணறலும் சில மணி நேரம் கழித்தும் வரலாம்.

கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் கழுவிவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள்.

பெற்றோல் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். தீ தண்ணீரில் மிதந்து பரவும். மண்ணை அள்ளிப் போடுங்கள், நனைத்த சாக்கால் மூடுங்கள், ஸ்டோரில் இருக்கும் பொடித் தீயணைப்பானைக் கொண்டு வரச் சொல்லுங்கள். உடுப்பில் தீப்பிடித்தவர் ஓடக்கூடாது. தரையில் படுத்து உருள வேண்டும், கம்பளியால் மூட வேண்டும். சுட்ட இடத்தில் 20 நிமிடம் சாதாரணத் தண்ணீர் ஓட விடுங்கள். பற்பசை, கோப்பித் தூள், தேங்காய் எண்ணெய் எதுவும் பூச வேண்டாம்.

வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகள்

கழுவிய பிறகு டீசலைத் தெளித்தால் எஞ்சின் மினுமினுக்குமே?

மினுமினுப்பது எண்ணெய்ப் படலம். அடுத்த நாளே புழுதி ஒட்டும், சூட்டில் புகையும், எரியவும் கூடும். சுத்தமான எஞ்சினுக்கு மினுமினுப்புத் தேவையில்லை.

சர்விஸ் ஸ்டேசனில் கொடுத்தால் நல்லதா?

நல்லதுதான். எண்ணெய்த் தண்ணீரைப் பிரிக்கும் குழி உள்ள இடமாகப் பாருங்கள். "வயர் பக்கம் மூடிட்டு அடிங்க, வேகத்தைக் குறைங்க" என்று நீங்களே சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, வண்டி உங்களுடையது.

எத்தனை தடவை கழுவ வேண்டும்?

வருடத்துக்கு இரண்டு தடவை போதும். இடையில் மாதம் ஒரு முறை துணியால் துடைத்தால் நல்லது. கழுவிய ஒரு வாரத்தில் மறுபடியும் ஒயில் பிசுக்குப் பிடித்தால், குறை கழுவியதில் இல்லை. எங்கோ கசிகிறது. கராஜ் பாஸிடம் காட்டுங்கள்.

கழுவிய பின் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால்?

விடாமல் ஸ்டார்ட்டரை அழுத்த வேண்டாம். பிளக் மூடியைக் கழற்றித் துடைத்துக் காயவிடுங்கள். பெரும்பாலும் ஈரம்தான் காரணமாக இருக்கும்.

முடிவாக

பெற்றோலில் கழுவினால் பத்து நிமிடம் மிச்சமாகும் என்பது உண்மைதான். சவர்க்காரத்தில் தேய்த்தால் ஒரு காலைப் பொழுது போகும். ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்காக வண்டியையும், தவணை கட்டும் கையையும், பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் பணயம் வைக்க நம்மில் யாருக்கும் உரிமையில்லை. எஞ்சினை ஆறவிடுங்கள், லேபலைப் பாருங்கள், சவர்க்காரத் தண்ணீரை எடுங்கள், போத்தலைப் பூட்டி வையுங்கள். இந்த நான்கையும் வண்டி வைத்திருக்கும் அண்ணன் தம்பிகளுக்கு வீட்டில் இருக்கும் அம்மாமாரும் அக்காமாரும் எடுத்துச் சொல்ல வேண்டும். சொன்னால் கேட்பார்கள்.